கடல் இல்லாத பாட்டில்

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆசிட் தொட்டியிலிருந்து பாட்டில்களை எடுத்து அலசினேன். ஒரு வாரம் ஊறியவை. அலசி முடித்ததும் வேறு ஆசிட்டில் இன்னொரு வாரம் ஊற வேண்டும். பிறகு சுத்தமான தண்ணீர், பிறகு ஒரு பை, அந்தப் பைக்கு மேல் இன்னொரு பை. என் கல்யாணத்தன்றுகூட என்னை இவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டவில்லை.

வாசலில் புதிதாக வந்திருக்கும் காவலாளி எட்டிப் பார்த்து, "பளபளன்னுதானே இருக்கு பாட்டிம்மா, இன்னும் என்னத்தைக் கழுவுறீங்க?" என்றான். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை ஊரே கழுவும் தம்பி, இங்கே கழுவுவது தெரியாத அழுக்கை என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் வந்த புதிதில் புரியவில்லை. கடலில் இருக்கும் இரும்பையும் செம்பையும் துத்தநாகத்தையும் இங்கே அளக்கிறார்கள். பெரிய குளத்தில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்தால் எவ்வளவு உறைக்கும்? அவ்வளவுதான் இருக்குமாம். பாட்டிலின் வாயில் நம் விரல் பட்டால் போதும், இயந்திரம் கடலை விட்டுவிட்டு நம்மை அளந்துவிடும்.

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். நிறுத்தச் சொன்னது யார், அன்று அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், எல்லாம் நினைவிருக்கிறது. மன்னிக்கவில்லை. ஆனால் என் பேத்தி இதே லேபில் ஆராய்ச்சி செய்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் என் தொட்டி ஓரம் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை. வருகிற ஜூனில் பெரிய ஆராய்ச்சிக் கப்பலில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கரையே தெரியாத கடலில் ஒரு மாதத்துக்கு மேல்.

மருமகள் இன்று சொன்னாள்: "பாட்டில் கழுவுற பாட்டியும் பாட்டில் திறக்குற பேத்தியும் நல்ல ஜோடி." புகழ்ந்தாளா, குத்தினாளா? அவளிடம் இரண்டும் ஒரே கரண்டியில்தான் வரும்.

ஏப்ரல் 10, வியாழன்

கடலுக்குப் போனோம். பேத்தி, நான், படகோட்டி உப்பு மீசை. அவன் மீசைக்கு எப்போது நரை வந்தது, எப்போது உப்புப் பூத்தது என்று அவனுக்கே தெரியாது.

தண்ணீர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுத்தக்கை, மற்றவர் அழுக்குக்கை. பெட்டி, கயிறு, வெளிப்பை, எல்லாம் அழுக்குக்கை தொடும். உள்பையையும் பாட்டிலையும் சுத்தக்கை மட்டும்தான் தொடும். வேலை நடக்கும்போது ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. தொட்டால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்ட வேண்டும். நான் அழுக்குக்கை. முதல்முதலில் லேபின் பேராசிரியர் அம்மா இந்தப் பெயரைச் சொன்னபோது என் முகம் சுண்டிவிட்டது. அந்த அம்மா கவனித்துவிட்டார். "அழுக்குக்கை ஒழுங்கா இருந்தாத்தான் சுத்தக்கை சுத்தமா இருக்கும். அதுக்குத்தான் உங்களைக் கேக்கறேன்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவரிடம் எனக்கு ஒரு மரியாதை.

போகும் வழியில் வெயில் கொளுத்தியது. பேத்தி பையிலிருந்து வெள்ளை ட்யூப் ஒன்றை எடுத்தாள். வெயிலுக்குப் பூசும் க்ரீம். வீட்டுக் குளியலறைத் தட்டில் நிற்குமே, அதுதான்.

"கழுத்தைக் காட்டுங்க பாட்டி."

"எதுக்குடி? இனிமே கறுக்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

"கருவாடு ஆகறதுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. பேசாம காட்டுங்க."

கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் பூசிவிட்டாள். வெறுங்கையால், மெல்ல, சின்னக் குழந்தைக்குப் பூசுவதுபோல. என் வீட்டுக்காரர் போன பிறகு என் கழுத்தை யாரும் தொட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று சொல்லிவிட்டேன்.

உப்பு மீசை படகின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். புகையும் எண்ணெயும் பின்பக்கம் போய்விட வேண்டும். கையுறை மாட்டிக்கொண்டோம். பேத்தி படகின் மூக்கில் குப்புறச் சாய்ந்து, பாட்டிலை நீருக்குள் அமுக்கி, அங்கேயே திறந்து, நிரப்பி, அங்கேயே மூடி எடுத்தாள்.

ஒரு பாட்டிலில் மட்டும் கடலே பிடிப்பதில்லை. லேபிலிருந்தே சுத்தமான தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து, படகில் ஒருமுறை திறந்து மூடி, அப்படியே திரும்பக் கொண்டுபோவோம். வெறும் பாட்டில் என்று பெயர். அதில் ஏதாவது இருந்தால் அது கடலுடையது இல்லை, நம்முடையது.

அடுத்த இடத்துக்குப் போகும்போது பேத்தி கதை சொன்னாள். வெயில் பட்டால் கடல்நீர் தனக்குள்ளே காரமாக ஒன்றைச் செய்துகொள்ளுமாம். "நம்ம புண்ணுல ஊத்தினா நுரைக்குமே, அதே மருந்துதான் பாட்டி. ரொம்ப ரொம்பக் கொஞ்சம். பொழுது சாஞ்சா தானா அடங்க ஆரம்பிச்சிடும்." இரும்பு இன்னும் மோசமாம், ஒரு ரூபத்தில் கடலுக்குள் வந்தால் சில நிமிடத்துக்குள் வேறு ரூபத்துக்கு மாறிவிடுமாம். ஆனால் தண்ணீரில் வேறு ஏதோ சரக்கு இருக்கிறது, இரும்பைக் கண்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாதாம்.

"நம்ம பாட்டி கோபம் மாதிரி" என்றாள். உப்பு மீசை சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

நல்ல நாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

கழுத்து எரியவில்லை. நல்ல க்ரீம்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

லேபில் ஏதோ சரியில்லை. நேற்று மதியம் இயந்திரம் இருக்கும் அறையில் பேராசிரியரும் பேத்தியும் வெகுநேரம் நின்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் கைகட்டி நின்றார். அவர் கைகட்டினால் கோபம்.

வீட்டில் பேத்தி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். என்னடி என்றால் தலைவலி என்றாள். மருமகள் என்னை முறைத்தாள், என்னவோ அந்தத் தலைவலியை நான் கொடுத்ததுபோல.

காலையில் பல் தேய்க்கப் போனால் என் பல்பொடி டப்பா சாய்ந்து பொடியெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. எப்போதும் அந்த வெள்ளை ட்யூப்தான் அதற்கு முட்டு. ட்யூபைக் காணோம். தீர்ந்திருக்கும். புதுப் பொடி வாங்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

எழுதுவதற்கு முன்னால் தண்ணீர் குடித்தேன்.

பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பேத்தி முன்பே அங்கே உட்கார்ந்திருந்தாள். ஏப்ரல் பத்தாம் தேதி எடுத்த தண்ணீர் எல்லாவற்றிலும் துத்தநாகம் கன்னாபின்னாவென்று இருக்கிறதாம். வெறும் பாட்டிலிலும் இருக்கிறதாம். அப்படியென்றால் அது கடலுடையது இல்லை. அன்றைக்கு எடுத்தது எல்லாம் குப்பை. இந்த ஆண்டின் கோடைக்கால வேலையே போயிற்று.

பேராசிரியர் பொதுவாகத்தான் கேட்டார்: "அன்னிக்கு வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துச்சா?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பேத்தி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பாட்டிக்குக் கால் வெடிப்பு. ஏதோ களிம்பு தடவுவாங்க."

என் கால் வெடிப்பு! பேராசிரியர் என் காலைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். செருப்புக்குள் காலை இழுத்துக்கொண்டேன், திருடியைப்போல.

"அன்னிக்குத் தடவலைங்க மேடம். கடலுக்குப் போற அன்னிக்குத் தடவ மாட்டேன். பாட்டிலை நான் தொடவும் இல்லை."

"பையைத் தொட்டீங்க இல்லையா?"

தொட்டேன். அழுக்குக்கை பையைத்தானே தொடும்.

பேராசிரியர் கத்தவில்லை. "கொஞ்ச நாளைக்குப் படகு வேணாம் பாட்டியம்மா, பாட்டிலும் வேணாம். வராண்டா வேலை பாருங்க" என்றார். மெதுவாகச் சொன்னதுதான் அதிகம் வலிக்கிறது.

குழந்தை பயந்துபோய் உளறிவிட்டது. அவள்மேல் கோபம் இல்லை. அந்த அம்மாமேல்தான். என்னை நம்பிக் கூப்பிட்டவர், ஒரு வெடித்த குதிகாலுக்காக நம்பிக்கையைப் பிடுங்கிக்கொண்டார். இதையும் எழுதி வைக்கிறேன். மறக்காமல் இருக்க எழுதவில்லை. எழுதினாலாவது மறக்குமா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன். எங்கே மறக்கிறது.

மே 2, வெள்ளி

வராண்டா நீளம். துடைத்துக்கொண்டே போனால் தொட்டி அறை வாசல் வரும். உள்ளே வேறொருத்தி பாட்டில் அலசுகிறாள். மூடியைத் தனியாக ஊறப்போட மறந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நான் யார்?

உப்பு மீசை டீ குடிக்க வந்தான். "என் இன்ஜின் மேலதான் முதல்ல பழி போட்டாங்க அக்கா" என்றான். இன்ஜினின் அடியில் துத்தநாகக் கட்டி ஒன்று திருகியிருப்பார்களாம். உப்புத் தண்ணீர் இரும்பையும் அலுமினியத்தையும் தின்னாமல் இருக்க, இந்தக் கட்டியைத் தின்னக் கொடுப்பது. "கட்டி கரையும், இன்ஜின் தப்பிச்சுக்கும். அதுக்குத்தானே அதை மாட்டுறதே. ஆனா அது பின்னாடி இருக்கு, நீங்க தண்ணி எடுத்தது முன்னாடி. அதனால என்னை விட்டுட்டாங்க."

"என்னைப் பிடிச்சிட்டாங்க."

"யாராவது ஒருத்தர் கரையணும்ல அக்கா" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. அவனையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

களிம்பு டப்பாவை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோய்ப் பேராசிரியர் மேசைமேல் டக்கென்று வைத்தேன். "இதை உங்க இயந்திரத்துல போட்டுப் பாருங்க மேடம். இதுல துத்தநாகம் இருந்தா நாளையிலிருந்து நான் வரலை."

அந்த அம்மா டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கேக்காமலே நான் பாத்திருக்கணும்" என்றார். வாங்கிக்கொண்டார்.

பேத்தியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எதுக்குப் பாட்டி இதைக் கிளர்றீங்க? அதான் முடிஞ்சு போச்சே" என்றாள்.

யாருக்கு முடிந்துபோயிற்று?

மே 15, வியாழன்

களிம்பில் மெழுகும் எண்ணெயும் கற்பூரமும்தான் இருக்கிறதாம். துத்தநாகம் இல்லை. பேராசிரியர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல்முறை. "உங்க மேல தப்பாச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். வைத்துக்கொள்வேன். ஆனால் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டாரே, அதையும் வைத்துக்கொள்வேன்.

பிறகு கேட்டார்: "அப்போ எங்கிருந்துதான் வந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குழந்தைங்களுக்கு அரிப்புக்குப் போடற வெள்ளை மருந்து, சில பவுடரு, வெயிலுக்குப் பூசற க்ரீம்... இதுல எல்லாம் துத்தநாகம் இருக்கும்."

வெயிலுக்குப் பூசுகிற க்ரீம்.

கழுத்து சில்லென்று ஆயிற்று. அந்த விரல்கள் ஊர்ந்த இடமெல்லாம் அப்படியே ஊர்ந்தன. பூசிவிட்டுக் கையைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் அவள் கையுறையை மாட்டினாள். துடைத்தால் போகிற அழுக்கா அது? கையுறையை இழுத்து மாட்டியதும் அதே விரல்தானே. சுத்தக்கையின் விரல்.

சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பல்பொடி டப்பா நினைவுக்கு வந்தது. கொட்டிக் கிடந்த பொடி. முட்டு இல்லாத தட்டு. அது செவ்வாய்க்கிழமை காலை. என்னை அறைக்குக் கூப்பிட்டது புதன்கிழமை.

என் காலைக் காட்டுவதற்கு முந்தைய நாளே அந்த ட்யூப் அங்கே இல்லை.

"யோசிச்சுட்டு வந்து சொல்றேன் மேடம்" என்று எழுந்துவிட்டேன். கதவுக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த அம்மாதான் திறந்துவிட்டார்.

மே 16, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நேற்று மாலை நடந்தது.

பேத்தி கட்டில்மேல் கம்பளிச் சட்டைகளைச் சுருட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். கப்பலில் குளிருமாம். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"அந்த வெள்ளை ட்யூப் எங்கடி?"

"எந்த ட்யூப்?"

"என் பல்பொடி டப்பாவுக்கு முட்டுக் கொடுத்து நிக்குமே."

சட்டையைச் சுருட்டிய கை நின்றுவிட்டது. எனக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை. ஆனாலும் கேட்டேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரிசல்ட் வந்த அன்னிக்கே."

"அப்போ மேடம் முன்னாடி என் காலைக் காட்டினியே..."

"பயத்துல பாட்டி. என்ன பேசறோம்னே தெரியலை."

"பயத்துல வாய் உளறும்டி. கை எந்திரிச்சுப் போய் ட்யூபை எடுத்து ஒளிச்சு வைக்குமா?"

அழுதாள். அழுகையோடு சொன்னாள். எழுதிவிடுகிறேன், ஒரு எழுத்தும் மாறாமல்: "உங்களுக்கு என்ன பாட்டி, பாட்டில் கழுவுற வேலைதானே. போனா வீட்டுல உக்காரப் போறீங்க. எனக்குக் கப்பலே போயிடும்."

வேலைதானே.

அந்த 'தானே'யில்தான் அவளைப் படிக்கவைத்தோம். அந்த 'தானே'யில் ஊறி என் நகம் எல்லாம் மஞ்சளாகிக் கிடக்கிறது. தொட்டி ஓரம் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, ஆசிட் தெறிக்கும் தள்ளிப் போ தள்ளிப் போ என்று எத்தனை தரம் விரட்டியிருப்பேன். தெறிக்காமல் வளர்த்தேன். அதுதான் நான் செய்த தப்போ?

ஊரில் எத்தனையோ பேர் எனக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள். அக்கா செய்தாள், பக்கத்து வீட்டுக்காரி செய்தாள். அவர்கள் யாரும் செய்வதற்கு முன்னால் என் கழுத்தைத் தடவவில்லை.

மே 17, சனி

மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு வந்தாள்.

"அத்தை, இத்தனை நாளா உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்லை."

கேட்டிருக்கிறாள். நிறையக் கேட்டிருக்கிறாள். சொல்லவில்லை.

"வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க. உங்களுக்குத்தான் ஊரெல்லாம் பகையாச்சே, அந்த மூட்டையோட மூட்டையா இதையும் கட்டி வச்சுக்கோங்க. வெளியில விடாதீங்க."

"உம் பொண்ணு என்னைத் திருடியாக்கி நிக்க வச்சாளேடி."

"சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா."

"தெரிஞ்சுதான் பண்ணினா."

"தெரிஞ்சே பண்ணினான்னு வச்சுக்கோங்க. பெரியவங்க நீங்க தாங்கிக்க மாட்டீங்களா?"

மகன் லாரியில் எங்கோ தூரத்தில் இருக்கிறான். போனில் கூப்பிட்டுப் பேசினான். "அம்மா, விடும்மா." அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். விடும்மா.

உப்பு மீசை சொன்ன கட்டியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கரைவதற்கென்றே மாட்டுவார்களாம். அந்தக் கட்டியை யாராவது கேட்டுக்கொண்டா மாட்டினார்கள்?

மே 18, ஞாயிறு

வெயில் பட்டால் கடல் காரமாகுமாம், பொழுது சாய்ந்தால் தானே அடங்குமாம். நான் கடல் இல்லை.

மாலையில் பேத்தி டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஆறவிட்டேன். ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். குடிக்கவில்லை. கொட்டவும் இல்லை.

நாளைக்கு அவளே போய்ச் சொல்வாள் என்று ஒரு நப்பாசை. சொன்னால் எல்லாவற்றையும் விட்டுவிடுவேன். நிஜமாகவா? இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன்.

மே 19, திங்கள்

மதியம்வரை வராண்டாவில் காத்திருந்தேன். பேத்தி இரண்டுமுறை பேராசிரியர் அறையைத் தாண்டிப் போனாள். கதவைத் தட்டவில்லை. இரண்டாவது முறை என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேகமாகப் படியிறங்கினாள்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நான் தட்டினேன்.

"அன்னிக்கு வெயிலுக்குப் பூசற க்ரீம் என் கழுத்துல இருந்துச்சு மேடம்."

பேராசிரியர் பேனாவை வைத்தார். "கழுத்துல இருந்தா பாட்டில் வரைக்கும் இவ்வளவு வராதே. பூசினது யாரு?"

பேத்தியின் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. வேண்டாம் என்று இல்லை. அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.

"சுத்தக்கைதான் மேடம்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அவளுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். ட்யூபைப் பற்றியும் சொன்னேன். பாதி உண்மை எனக்கு வராது. கழுவினால் முழுசாகக் கழுவித்தான் பழக்கம்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்கள். நான் வராண்டாவில் நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. பேராசிரியர் குரல் கேட்டது: "க்ரீம் பூசினது தப்பே இல்லை. யாருக்கும் நடக்கும், எனக்கே நடந்திருக்கு. அன்னிக்கே சொல்லியிருந்தா இந்நேரம் சிரிச்சுட்டு மறந்திருப்போம், நீயும் ஜூன்ல கப்பல் ஏறியிருக்கலாம். தெரிஞ்சும் மறைக்கிற கையைக் கப்பல்ல ஏத்த முடியாது."

அவ்வளவுதானா? சொல்லியிருந்தால் போதுமா? சிரித்திருப்பார்களாமே.

மே 20, செவ்வாய்

கம்பளிச் சட்டைகளை மருமகள் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். ஒவ்வொன்றாக, என் கண்ணுக்கு முன்னால்.

மே 29, வியாழன்

வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை. தட்டு வருகிறது, சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை. பேத்தி சுவரிடம் சொல்கிறாள்: "அவங்களைச் சாப்பிட வரச் சொல்லு." நான் 'அவங்க' ஆகிவிட்டேன்.

நான் செய்தது சரி. சரியாக இருந்தால் இனிக்கவும் வேண்டும் என்று யார் சொன்னது?

ஜூன் 12, வியாழன்

கப்பல் இன்று புறப்பட்டது. லேபின் மாடி ஜன்னலில் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். பேத்தி மாடிக்குப் போகவில்லை. என் பழைய இடத்தில், தொட்டி ஓரம், முன்பு வீட்டுப்பாடம் எழுதிய அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஈரத் துணியோடு வாசலில் நின்றேன். ஊதல் சத்தம் வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. அவள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தொட்டி அறைச் சாவியைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்தார். "படகுக்கும் நீங்கதான்" என்றார். கோடையில் வீணாய்ப் போனதை ஈடுகட்ட செப்டம்பரில் மறுபடியும் தண்ணீர் எடுக்க வேண்டுமாம்.

"சுத்தக்கை யாரு மேடம்?"

"உங்க பேத்திதான். அவ வேலை, அவதான் முடிக்கணும். உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?"

"கையுறை போட்டுத்தானே வேலை" என்றேன்.

முதல் காரியமாக மூடிகளையெல்லாம் தனியாக எடுத்து ஊறப்போட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

படகு. அதே மூன்று பேர்.

வழி முழுக்கப் பேச்சில்லை. உப்பு மீசை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "என்ன அக்கா, ரெண்டு ஊமைங்களை ஏத்திட்டு வந்த மாதிரி இருக்கு. என் இன்ஜினே பரவாயில்லை, கொஞ்சம் இருமுது" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பாவம், மீசையைத் தடவிக்கொண்டு கடலைப் பார்த்தான்.

வெயில் ஏப்ரலைவிட மோசம். கழுத்து திகுதிகுவென்று எரிந்தது. பேத்தி என் கழுத்தை ஒருமுறை பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

படகின் மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பியது. இன்ஜின் நின்றது. வேலையில் பேசாமல் முடியாது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் செய்ய வேண்டும், அதுதான் முறை. மே மாதத்துக்குப் பிறகு அவள் நேராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "வெளிப்பை."

"திறந்தாச்சு" என்றேன்.

"உள்பை எடுத்தாச்சு."

"சரி."

"மூடியாச்சு. வெளிப்பை."

"கட்டியாச்சு."

அப்படியே ஒவ்வொரு பாட்டிலாகப் போயிற்று. எங்கள் கைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்தன. ஒருதரம்கூடப் படவில்லை. அலை தூக்கியபோது அவள் தடுமாறினாள். பிடிக்கக் கை போயிற்று. பிடித்தால் கையுறை மாற்ற வேண்டும். அவளே படகு விளிம்பில் முழங்கையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டாள். என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

கடைசியாக வெறும் பாட்டில். திறந்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மூடினாள்.

செப்டம்பர் 18, வியாழன்

முடிவு வந்துவிட்டது. பேராசிரியர் தொட்டி அறைக்கே வந்து சொன்னார். பேத்தியும் பின்னால் வந்து வாசலில் நின்றாள்.

"வெறும் பாட்டில் இவ்வளவு சுத்தமா இந்த லேப்ல இதுவரைக்கும் வந்ததே இல்லை. ரெண்டு பேரும் ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க."

அதில் ஒன்றுமே இல்லையாம். என்னிடமிருந்தும் அவளிடமிருந்தும் துளிகூட விழவில்லையாம்.

நான் தலையாட்டினேன். பேத்தியும் தலையாட்டினாள். பேராசிரியர் போனதும் அவளும் போய்விட்டாள்.

கழுத்தில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது.